பக்கத்து வீட்டு டப்பா

எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவன் நான். வேலை கிடைத்துவிட்டது என்றதும் அம்மா எங்கள் லைனில், பழைய சுரங்கக்காரர்களின் வரிசை வீடுகள் அத்தனைக்கும், மைசூர்பாகு கொடுத்தாள். என்ன வேலை என்று தெரிந்ததும், "இன்னாடா இது, இவ்ளோ படிச்சிட்டு பீ டப்பா தூக்கறியா?" என்று கேட்டு, மிச்சமிருந்த மைசூர்பாகை உள்ளே எடுத்து வைத்துவிட்டாள்.

அம்மா சொன்னதில் பொய் இல்லை. பிள்ளைகளின் வயிற்றில் ரத்தம் உறிஞ்சும் கொக்கிப்புழு இருக்கிறதா என்று பார்க்கும் ஆய்வு அது. ஸ்கெலட்டன் என்ற இடத்துக்குப் பக்கத்து லைன் வீடுகளில் சிலவற்றைச் சீட்டுப் போட்டு எடுத்திருந்தார்கள். முதல் நாள் சாயங்காலம் மூடி போட்ட சின்ன பிளாஸ்டிக் டப்பா கொடுப்போம். மறுநாள் காலை அதை வாங்கி, ஐஸ் பெட்டியில் வைத்து, வெயில் ஏறுவதற்குள் கோலார் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். பிள்ளைகள் எனக்கு 'டப்பா அண்ணன்' என்று பேர் வைத்திருந்தார்கள்.

தனியாகப் போயிருந்தால் ஒரு கதவும் திறந்திருக்காது. கூட வந்தவர் அந்த லைனின் ஆஷா, அதாவது வீடு வீடாகப் போகும் அரசு சுகாதாரப் பணியாளரான அக்கா. கர்ப்பிணிகளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவது, தடுப்பூசிக்குக் கூப்பிடுவது, வருஷா வருஷம் பூச்சி மாத்திரை கொடுப்பது எல்லாம் அவர்தான். கணவர் இருட்டோடு ரயிலேறி பெங்களூர் போய் இருட்டியபின் திரும்புகிறவர். இரண்டாவது படிக்கும் ஒரு மகள். டப்பாவைப் பார்த்து முகம் சுளித்த ஒருவரிடம் அக்கா சொன்னார்: "இன்னாம்மா வெட்கம்? பெரிய ஆபீசர் வூட்லயும் இதான் வருது. நெல்லிக்கா அளவு போதும், ரொப்பிக் குடுக்காத."

ஆய்வின் இன்னொரு பகுதி, சுகாதார வேலை செய்கிறவர்களின் குடும்பத்தைப் பற்றிய கேள்வித்தாள். 'வேலையால் உங்கள் குழந்தையைக் கவனிக்க முடியாமல் போனதுண்டா?' என்று கேட்டு, எப்போதும் என்பதிலிருந்து இல்லவே இல்லை என்பது வரை ஐந்து கட்டங்கள். அக்கா நடந்துகொண்டே எல்லாவற்றுக்கும் "இல்லவே இல்ல, எழுதிக்கோ" என்றார்.

"பேர் வெளியே போகாதுக்கா."

"பேர் இல்லன்னா இன்னா தம்பி, இந்த லைனுக்கு ஆஷா நான் ஒருத்திதானே?"

நான் டிக் அடித்துக்கொண்டே போனேன். சீக்கிரம் முடிந்ததே என்று சந்தோஷப்பட்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சீட்டில் அக்காவின் வீடும் விழுந்திருந்தது. டப்பா வாங்கப் போன காலையில் அக்கா இல்லை. யாருக்கோ வலி எடுத்து விடியலிலேயே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். பக்கத்து வீட்டுப் பெண்தான் டப்பாவை நீட்டினார். அக்கா வெளியே போகும்போதெல்லாம் அவர் மகளுக்குச் சோறு போட்டுப் பள்ளிக்கு அனுப்புகிறவர் இவர்தான். இவருக்கும் அதே வயதில் ஒரு மகள். 'மாதிரியை எடுத்தவர் யார்?' என்று படிவத்தில் ஒரு கேள்வி உண்டு. எல்லா வீட்டிலும் கேட்பேன். அன்று கேட்கவில்லை. கிளம்பும் முன் அக்காவே எடுத்து வைத்திருப்பார் என்று நினைத்து, 'தாய்' என்ற இடத்தில் டிக் அடித்தேன்.

அடுத்த வாரம் முடிவு வந்தது. அக்காவின் மகளுக்குக் கொக்கிப்புழு.

மத்தியானம் அவர் வீட்டுக்குப் போய் மெல்லிய குரலில் சொன்னேன். மெல்லிய குரல் என்பதற்கு அங்கே பெரிய அர்த்தம் இல்லை. ஒரு வீட்டில் குக்கர் விசில் அடித்தால் பக்கத்து வீட்டில் அடுப்பை அணைப்பார்கள். நடுவில் அவ்வளவுதான் சுவர்.

அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டார். "மாத்திரை குடுக்கற அன்னிக்கு இதுக்குக் காய்ச்சல். அடுத்த வாரம் குடுக்கலாம்னு வெச்சேன். அடுத்த வாரம் மீட்டிங். அப்புறம் மறந்தே பூட்டேன் தம்பி. ஊர்ப் புள்ளைங்க வாயில எல்லாம் போட்டேன்."

"எல்லா வீட்லயும் வர்றதுதான்கா."

"எல்லா வூடும் ஆஷா வூடு இல்ல. எந்த மூஞ்சிய வெச்சிகினு இனிமே 'மென்னு முழுங்குமா'ன்னு சொல்வேன்? நாளைக்கே மேடத்துகிட்ட சொல்லிடறேன், நான் வேலைய வுட்டு நின்னுக்கறேன்னு."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பதிவேட்டை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினார். பிறகு பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து மகளைக் கூப்பிட்டார்.

வாசலில் பக்கத்து வீட்டுப் பெண் நின்றிருந்தார். கையெல்லாம் ராகி மாவு.

"அக்கா, அத என் பொண்ணுக்குக் குடு."

எங்கள் இரண்டு பேருக்கும் புரியவில்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். அன்று காலை அவர் பார்ப்பதற்குள் அக்காவின் மகள் மற்ற பிள்ளைகளோடு மண் மேட்டுப் பக்கம் வெளிக்குப் போய்விட்டு வந்துவிட்டாள். டப்பா காலி.

"தம்பி வந்து நின்னா இன்னா குடுப்பேன்? 'ஆஷா வூட்லயே குடுக்கல, நாம ஏன் குடுக்கணும்'னு லைன்ல பேசுவாளுங்க. உன் பேர் கெட்டுப் பூடும்னுதான், என் பொண்ணுத எடுத்து வெச்சேன்."

"அறிவு கீதா உனக்கு?" என்று அக்கா கத்தினார்.

"விடியக்காத்தால புள்ளைய என் வூட்ல வுட்டுட்டு ஓடுவியே, அன்னிக்கெல்லாம் அறிவு கீதான்னு கேட்டியா?"

அக்காவின் மகள் மாத்திரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பக்கத்து வீட்டுப் பெண்தான் மறுபடி ஆரம்பித்தார். "என் பொண்ணு வர வர கலர் ஏறிகினே போறாளேன்னு சந்தோஷமா இருந்தேன்கா. லைன்லயே இவதான் செவப்புன்னு எல்லாரும் சொன்னாங்க. நானும் சிரிச்சிகினு இருந்தேன்."

அக்கா எழுந்து பக்கத்து வீட்டுக்குப் போனார். டிவி முன்னால் உட்கார்ந்திருந்த பெண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். நகத்தை அழுத்திப் பார்த்தார். "இது கலர் இல்லடி, ரத்தம் இல்ல" என்றார், கோபமே இல்லாமல். தன் வீட்டுக்குத் திரும்பி, மாத்திரையைப் பைக்குள் போட்டுவிட்டு, பூட்டிய அலமாரியை அவரே திறந்து, பதிவேட்டை எடுத்து அந்தப் பெண்ணின் பெயரை எழுதினார். மறுநாள் ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப்போக.

பக்கத்து வீடு எங்கள் சீட்டில் இல்லை. நான் ஒழுங்காகக் கேள்வி கேட்டிருந்தால் காலி டப்பாவோடு போயிருப்பேன். அந்தப் பெண் இன்னும் சில மாதங்கள் 'செவப்பாகிக்கொண்டே' இருந்திருப்பாள். இதனால் என் தவறு சரியாகிவிடாது. மாதிரியை ரத்து செய்யும்படி கோலாருக்கு எழுதினேன். தவறு அக்காவுடையதல்ல, என்னுடையது என்றும் எழுதினேன். திட்டு விழுந்தது. மாத்திரைக்கு முன் இரண்டு பிள்ளைகளுக்கும் புது டப்பா கொடுக்கச் சொன்னார்கள்.

டப்பா கொடுத்த மறுநாள் காலை பக்கத்து வீட்டுப் பெண் இரண்டு டப்பாக்களோடு வாசலிலேயே காத்திருந்தார். "இது அவளுது, இது என் பொண்ணுது. கூடவே நின்னு வாங்கனேன். எழுதிக்கோ."

இரண்டிலும் இருந்தது. வெறுங்கால் வழியே ஏறும் புழு அது; இருவரும் செருப்பில்லாமல் ஒரே மேட்டில் விளையாடுகிறவர்கள். இந்த முறை நான் சொன்னபோது அக்கா உட்காரவில்லை. "ஆஷா வூட்லயே இருந்துச்சின்னு சொல்லித்தான் இனிமே மாத்திரை குடுக்கப் போறேன். அப்பவாவது முழுங்கறாளுங்களா பாக்கலாம்" என்றார். பிறகு, "அந்தக் கேள்வித்தாள இன்னொரு தபா எட்தா" என்றார்.

கோலாரில் கேட்டுவிட்டுப் புதுப் படிவம் எடுத்துப் போனேன். 'கவனிக்க முடியாமல் போனதுண்டா' என்பதற்கு இந்த முறை "அடிக்கடி" என்றார். அடுத்த கேள்வி, வேலை நேரத்தில் குழந்தையைப் பார்த்துக்கொள்பவர் யார் என்பது. கணவர், தாய், மாமியார், பிறர். நான் நான்கையும் வாசித்துவிட்டு, "பிறர்னு போடறேன்கா" என்றேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது.

"இன்னாது? நான் பிறரா?"

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நான் எந்தக் கட்டத்திலும் டிக் அடிக்காமல், ஓரத்தில் இருந்த கொஞ்ச இடத்தில் 'பக்கத்து வீடு' என்று எழுதினேன்.