பணிப்பாளர் போன அன்று அழகமுத்து

உப்புத் தண்ணீரை அண்ணாந்து தொண்டையில் நிறுத்தி, கடகடவென்று உருட்டி, வேலியோரம் துப்புகிறார் அழகமுத்து. மூன்று வாய். அதற்குப் பிறகுதான் பால் வெட்டும் கத்தி, வாளி எல்லாம். தெரணியகலைப் பக்கத்து றப்பர் தோட்டமொன்றில் முப்பது வருடமாக மரம் சீவுகிற மனிதர், கையைவிடத் தொண்டையைத்தான் பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறார். கல்யாண வீட்டில் ஐஸ்கிரீம் நீட்டினால், "எனக்கும் அதுக்கும் பகைங்க" என்று பக்கத்து ஆளிடம் தள்ளிவிடுவார்.

காரணம் இருக்கிறது. அந்த வட்டாரத்தில் கோஷம் போட அவரை விட்டால் ஆள் கிடையாது. சம்பளப் பிரச்சினையா, பாலம் உடைந்ததா, பஸ் வரவில்லையா, தோட்டத்து லய வீடுகளில் குடியிருக்கும் ஆட்களும் கூப்பிடுவார்கள், சிங்களக் கிராமத்து ஆட்களும் கூப்பிடுவார்கள். தமிழில் "வேணாம் வேணாம்" என்று ஒரு வரி. அதே தாளத்தில் சிங்களத்தில் "எப்பா எப்பா" என்று ஒரு வரி. அவர் எதைச் சொன்னாலும் கூட்டம் அப்படியே திருப்பிச் சொல்லும். அர்த்தத்தை அப்புறம் யோசித்துக்கொள்ளலாம். ஆனால் வீட்டில்? "ஊருக்கெல்லாம் கத்துறாரு. கறியில உப்பு இல்லன்னு சொல்ல மட்டும் வாய் வராது" என்கிறார் மனைவி ஜீவராணி.

ஐந்து மாதமாக அந்தத் தொண்டைக்கு ஒரே வேலை, வீடமைப்புப் பணிப்பாளரைப் போகச் சொல்வது. கொழும்பிலிருந்து வந்த பெரிய அதிகாரி அவர். மண்சரிவு அபாயமுள்ள லயங்களுக்குக் கிடைக்க இருந்த புது வீடுகளை, வந்த வாரமே நிறுத்திப்போட்டார். நான் நேரில் பார்க்காமல் எதற்கும் கையெழுத்து இல்லை என்றார். அதோடு விட்டாரா? தோட்டத்து ஆட்களுக்கு வீடு கொடுத்தால் வாடகைக்கு விட்டுவிடுவார்கள் என்று டிவியிலும் பேசிவைத்தார். அழகமுத்து கொதித்துப்போனார். "ஒரே ஒரு மழைக்கு எங்க காம்பராவுல வந்து படுத்துப் பாக்கட்டும் அந்த மாத்தயா!"

போன செவ்வாய்க்கிழமை அந்த மாத்தயா வந்தே விட்டார். தனியாக வந்தார். முழங்கால்வரை சேறு, காலில் இரண்டு அட்டை. மற்றவர்கள் பால் அளக்கப் போயிருந்த நேரம். காய்ச்சலில் சுருண்டு கிடந்த அழகமுத்துவும் ஜீவராணியும்தான் லயத்தில் இருந்தார்கள். பணிப்பாளர் பின்சுவர் வெடிப்புக்குள் கையை விட்டுப் பார்த்தார். மணிக்கட்டுவரை உள்ளே போனது. இந்த லயத்துக்குத்தான் முதல் வீடுகள், திங்கட்கிழமை கையெழுத்துப் போடுகிறேன் என்று சிங்களத்தில் சொல்லி, ஜீவராணி தேயிலை போட்டுக் கொடுத்த சாயத்தண்ணியைக் குடித்துவிட்டு இறங்கிப் போனார்.

"யார்கிட்டயும் மூச்சு விட்றாத" என்றார் அழகமுத்து. "நம்ம வீட்டுல சாயம் குடிச்சாருன்னு தெரிஞ்சா, அழகமுத்து வெலைக்குப் போயிட்டான்னு சொல்லுவானுங்க."

வெள்ளிக்கிழமை காலை பணிப்பாளர் பதவி விலகினார்.

கடைத்தெரு குலுங்கியது. சந்தியில் பட்டாசு. சிங்களப் பெண்கள் பாற்சோறான கிரிபத் கிண்டி, வாழையிலையில் துண்டு போட்டு, போகிற வருகிற பஸ்ஸையெல்லாம் மறித்து ஊட்டாத குறையாகக் கொடுத்தார்கள். "தொலைஞ்சான்!" என்று முன்பின் தெரியாதவர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். பிரதேச செயலகத்தில் எழுதுவினைஞராக இருக்கும் யாழ்ப்பாணத்து சிவனேஸ்வரி மட்டும் குடையை விரித்துக்கொண்டு விலகி நடந்தார். அழகமுத்து அவரை மறித்து, அந்தத் திங்கட்கிழமைக் கையெழுத்து என்ன ஆகும் என்று மெதுவாக விசாரித்தார்.

"அந்தாள் ஒருத்தரிட்டையும் ஒரு சதம் வாங்கேல்லை" என்றார் சிவனேஸ்வரி. "புது ஆள் வாறதுக்கே நாலு மாசம் செல்லும். பிறகு எல்லாத்தையும் முதலிலயிருந்து பாக்கோணும்."

அழகமுத்து லயத்துப் பின்சுவரை நினைத்தார். முந்தின நாள் மழைக்கே வெடிப்பு இன்னும் ஒரு விரல் அகலம் விட்டிருந்தது. நாலு மாதம் என்றால் ஒரு பெருமழைக்காலம் முழுக்க அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் படுக்க வேண்டும்.

அதற்குள் முச்சக்கரவண்டி ஓட்டும் ஜுனைதீன் மைக்கோடு வந்துவிட்டார். "அழகமுத்தண்ணே, எங்க போய் ஒளிஞ்சீங்க? நீங்க கத்தித்தானே ஆளு ஓடினாரு! ஏறுங்க, ஏறுங்க." நாலு கை சேர்ந்து அவரை ஒரு மரப்பெட்டியின்மேல் தூக்கி விட்டது.

இருநூறு முகங்கள் அண்ணாந்து பார்த்தன. அழகமுத்து வாயைத் திறந்தார். தானாக வந்து விழும் வரி அன்றைக்கு வரவில்லை. முன்வரிசையில் ஜீவராணி, யாரோ திணித்த கிரிபத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, தின்னாமல் அவரையே பார்த்தபடி நின்றார்.

"இனி யாரு கையெழுத்துப் போடுறது?"

மனைவியிடம் கேட்டதுதான். வாய்க்கு நேரே மைக் இருந்தது.

"இனி யாரு கையெழுத்துப் போடுறது!" என்று சந்தி முழுக்கக் கையை உயர்த்திக் கத்தியது. யாரோ விசிலடித்தார்கள். இன்னொரு கட்டுப் பட்டாசு வெடித்தது.

அழகமுத்து புகை அடங்கும்வரை நின்றார். பிறகு முஷ்டியை உயர்த்தி, அதையே சிங்களத்தில் கேட்டார்.