அப்பாவின் வலது கையில் என் பங்கு

எங்கள் வீட்டில் அப்பாவின் வலது கையை நாங்கள் பங்கு போட்டுக்கொண்டிருந்தோம். யாரும் உட்கார்ந்து பேசிப் பிரித்ததில்லை. தானாக அமைந்த பாகப்பிரிவினை அது. சட்டைப் பொத்தான் அம்மாவின் பங்கு. சைக்கிள் பூட்டும் செருப்பு வாரும் அக்காவின் பங்கு. டிபன் கேரியரின் கொக்கி என் பங்கு. அப்போது நான் மூன்றாம் வகுப்பு. அந்தக் கொக்கியைவிடப் பெரிய சொத்து எனக்குக் கிடையாது.

அப்பா ஐதராபாத் நாச்சாரத்தில் ஒரு கம்பெனியில் பிரஸ் மிஷின் ஓட்டியவர். நான் பிறப்பதற்கு முன்பே அந்த மிஷின் அவருடைய வலது கையில் இரண்டு விரல் நுனிகளை எடுத்துக்கொண்டது. டாக்டர்கள் கூடி உட்காரும் மெடிக்கல் போர்டு கையைப் பார்த்து, இவ்வளவு போயிற்று என்று எழுதி, அதற்கேற்ற ஒரு சின்னத் தொகை மாதாமாதம் வரும்படி செய்தது. கம்பெனி அவரை மிஷினிலிருந்து எடுத்து கேட்டில் உட்கார வைத்தது. அத்தோடு முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். கை அப்படி நினைக்கவில்லை. போகப் போக மிச்சமிருந்த விரல்களும் உள்ளே மடங்கின. மணிக்கட்டு மரத்துப்போனது. அப்பா அதன்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொண்டார். துண்டு மூடாததை நாங்கள் மூடினோம்.

மதியம் பள்ளி மணி அடித்ததும் நான் கம்பெனி கேட்டுக்கு ஓடுவேன். அப்பா கேரியரை என் பக்கம் மெல்லத் தள்ளுவார். தள்ளும்போதே, “இன்னிக்கு வாத்தியார் வந்தாரா?” என்று வேறு ஏதாவது கேட்பார். நான் கொக்கியை நெம்பித் திறந்துவிட்டு, வந்தார் என்பேன். திறக்கச் சொல்லி அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

அந்த வருஷம் கேட் வேலையைக் காண்டிராக்டுக்கு விடப்போவதாகப் பேச்சு வந்தது. அந்த வேலை போனால் மிஞ்சுவது அந்தச் சின்னத் தொகைதான். பத்தாவதோடு போதும் என்று அப்பா அக்காவிடம் சொல்லிவிட்டார். அக்கா அழுதாள், சாப்பிடாமல் படுத்தாள், பிறகு எழுந்து சைக்கிளைப் பூட்டிவிட்டு வந்தாள்.

இதைக் கேட்டு அத்தை வந்தாள். அப்பாவின் தங்கை. மல்காஜ்கிரியில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங் வேலை. எங்கள் பூர்வீகம் அரக்கோணம் பக்கம். அந்தப் பேச்சை அவள் ஐதராபாத் பேச்சோடு கலந்து அடிப்பாள்.

“கை மோசமாயிட்டா திரும்பப் பார்க்கச் சொல்லிக் கேக்கலாமாம்ண்ணா. எங்க கம்பெனியில ஒரு அம்மாவுக்கு ஏத்திக் குடுத்துக்கீறாங்க.”

“ஏத்தித்தான் குடுப்பாங்கன்னு இன்னா நிச்சயம்? பார்த்துட்டுக் குறைச்சுட்டா?” என்றார் அப்பா. அதுவும் நடக்கக்கூடியதுதான். போர்டு கூட்டவும் செய்யலாம், குறைக்கவும் செய்யலாம். “நக்கோம்மா, வேணாம். இருக்கிறதும் போயிடும்.”

“கைக்கு நக்கோ? பொண்ணு படிப்பை நிறுத்தறதுக்கு மட்டும் ஹவ்னு தலையாட்டத் தெரியுதில்ல?”

அத்தையிடம் யாரும் பேசிக் கரை சேர்ந்ததில்லை. விண்ணப்பம் போயிற்று, போர்டுக்கு வரச்சொல்லி நாளும் குறித்து வந்தது.

அத்தைக்கு ஒரு பயம் இருந்தது. அண்ணனின் கையைவிட அவர் வாயைப் பற்றிய பயம் அது. ஆகவே வீட்டிலேயே ஒத்திகை வைத்தாள். நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, அக்காவின் ஸ்கேலைப் பேனாவாகப் பிடித்துக்கொண்டு டாக்டரானாள். அப்பா எதிரே துண்டோடு நின்றார்.

“எப்படிக்கீறே?”

“உங்க தயவுல நல்லாக்கீறேன் சார்.”

“ஆங்! அப்ப எழுந்து வூட்டுக்குப் போ!” ஸ்கேல் நாற்காலியில் அடித்தது. “திரும்பச் சொல்லு. எப்படிக்கீறே?”

அப்பா துண்டை இழுத்துவிட்டுக்கொண்டார். “கொஞ்சம் வலிக்குது சார். பரவாயில்ல.”

“பரவாயில்லியாம்! டாக்டருக்கே ஆறுதல் சொல்றாரு பாரு எங்கண்ணன்!”

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்பாவும் சிரித்தார். ஆனால் அவரால் மாற்றிக்கொள்ள முடியவில்லை. பெரிய மனிதர் ஒருவர் நலம் கேட்கும்போது நலமில்லை என்பது, விருந்துக்கு அழைத்தவரிடம் குழம்பில் உப்பில்லை என்பதைப் போல அவருக்கு.

போர்டுக்குப் போகிற அன்று காலையில் அம்மா தன் பங்குக்கு ஒரு காரியம் செய்தாள். கஞ்சி போட்ட வெள்ளை முழுக்கைச் சட்டையை அப்பாவுக்கு மாட்டி, கழுத்திலிருந்து இரண்டு மணிக்கட்டு வரை எல்லாப் பொத்தானையும் போட்டாள். தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரினாள்.

“கல்யாணத்துக்கா இட்டுகினு போறோம்?” என்றாள் அத்தை.

“பெரியவங்க முன்னாடி அழுக்குச் சட்டையோட நிக்கச் சொல்றியா?” என்றாள் அம்மா.

அம்மாவுக்கு வேலை இருந்தது. அத்தை லீவு போட்டிருந்தாள். நான் போனது கேரியருக்காக. மதியம் தாண்டிவிட்டால் கொக்கியை யார் திறப்பது?

நீளமான மேஜைக்குப் பின்னால் மூன்று டாக்டர்கள் இருந்தார்கள். நடுவில் இருந்தவர் களைத்துப் போயிருந்தார். எங்களுக்கு முன்னால் எத்தனை கைகால்களைப் பார்த்தாரோ. நிமிராமலே, “எலா உன்னாவய்யா?” என்றார். எப்படி இருக்கிறாய் என்று அர்த்தம்.

“பாகுன்னானு சார். மீ தய,” என்றார் அப்பா. நன்றாக இருக்கிறேன் ஐயா, உங்கள் தயவு.

அத்தையிடமிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. ஒத்திகை எல்லாம் அந்த மூச்சோடு போயிற்று.

கையை நீட்டச் சொன்னார்கள். நீட்டினார். விரலை மடக்கச் சொன்னார்கள். அது ஏற்கெனவே மடங்கித்தான் இருந்தது. விரிக்கச் சொன்னபோது அப்பா தோளையும் சேர்த்து அசைத்து, ஏதோ விரிந்த மாதிரி காட்டினார். கேட்டதைச் செய்யாமல் விடுவது மரியாதை இல்லையே. பக்கத்து டாக்டர் பழைய காகிதத்தைப் பார்த்து, பெரிய மாற்றம் இல்லை என்பதுபோல் உதட்டைப் பிதுக்கினார். நடுவில் இருந்தவர் பேனாவை எடுத்துக்கொண்டு, முழங்கை வரை பார்க்க வேண்டும், சட்டையைக் கழற்று என்றார்.

அப்பா இடது கையால் கழுத்துப் பொத்தானை ஒருவழியாகத் தள்ளித் திறந்தார். அடுத்ததைத் திறந்தார். பிறகு இடது மணிக்கட்டுப் பொத்தான். அதை வலது கைதான் திறக்க வேண்டும். மடங்கிய விரல்கள் அதன்மேல் போய் உரசின, வழுக்கின, மறுபடி உரசின. கஞ்சித் துணி மொடமொடத்தது. நான் என்னை அறியாமல் முன்னே போனேன். அத்தையின் விரல்கள் என் தோளை இறுக்கிப் பிடித்தன.

“நில்லுடா.”

அவளை நான் அன்று வெறுத்த மாதிரி யாரையும் வெறுத்ததில்லை. அப்பா மணிக்கட்டை வாய்க்குக் கொண்டுபோய்ப் பல்லால் இழுக்கப் பார்த்தார். சீவிய தலை கலைந்து நெற்றியில் விழுந்தது.

பேனா நின்றுவிட்டது. “காலையில் இதையெல்லாம் யார் போட்டுவிட்டது?” என்று டாக்டர் தெலுங்கில் கேட்டார். அப்பா தரையைப் பார்த்தார்.

வீட்டுக்கு யாராவது வந்து பெயர் கேட்டால் கதவுக்குப் பின்னால் போய் நிற்கிற பையன் நான். எங்கிருந்து அந்தக் குரல் வந்ததோ தெரியாது. பள்ளியில் பயந்து பயந்து பேசுகிற தெலுங்கில் கத்தினேன்.

“அம்மா போட்டாங்க! தினமும் அம்மாதான் போடுவாங்க! சைக்கிள் பூட்டு அக்கா. செருப்பும் அக்கா. சாப்பாட்டு டப்பா நான் திறப்பேன். சோறும் நான்தான் பிசைஞ்சு வைப்பேன். எங்கப்பா ஒண்ணுமே செய்ய வேணாம்! எல்லாம் நாங்களே செஞ்சுடுவோம்!”

எங்கள் அப்பாவுக்கு எந்தக் குறையும் இல்லை என்று நிரூபித்துவிட்ட திமிரோடு டாக்டரை முறைத்தேன்.

அவர் எழுந்து மேஜையைச் சுற்றி வந்தார். தானே அந்தப் பொத்தானையும் வலது மணிக்கட்டுப் பொத்தானையும் கழற்றினார். வலது கைச் சட்டையை மேலே தள்ளி, முழங்கை வரை அழுத்தி அழுத்திப் பார்த்தார். ஊசி முனையால் தொட்டார். அப்பாவுக்கு உறைக்கவே இல்லை. டாக்டர் மறுபடி, இந்த முறை முகத்தைப் பார்த்து, எப்படி இருக்கிறாய் என்றார். அப்பா வழக்கம்போல வாயைத் திறந்தார். மூடினார். பிறகு தெலுங்கை மறந்து தமிழில் சொன்னார்.

“முடியல சார்.”

டாக்டருக்குத் தமிழ் தெரியுமோ தெரியாதோ, தலையசைத்தார்.

தொகையைக் கூட்டிவிட்டார்கள். கை இனிச் சரியாகப்போவதில்லை, திரும்பத் திரும்ப வந்து காட்ட வேண்டாம் என்றும் எழுதிவிட்டார்கள். தபால் வந்த அன்று அத்தை தெரு முனையிலிருந்தே, “பாஸாயிட்டோம்டி!” என்று கூவிக்கொண்டு வந்தாள். அக்காவின் படிப்பு நிற்கவில்லை. இன்று அவள் கணக்கு டீச்சர். எங்கள் பள்ளியில் தமிழ் வகுப்பு ஐந்தாவதோடு முடிந்தது. அதற்கு மேல் எல்லாம் தெலுங்கு. பேச வெட்கப்பட்டு நான் படிப்பை நிறுத்திக்கொண்டேன். போர்டு முன்னால் பேசிய அளவுக்கு அதன்பிறகு நான் எங்கும் பேசியதில்லை.

வெகுநாள் வரை நான் நினைத்துக்கொண்டிருந்தது வேறு. அப்பாவை நன்றாகப் பார்த்துக்கொள்கிற குடும்பம் என்று எங்களுக்குப் பரிசு கிடைத்ததாகவும், அதில் பாதி என் கொக்கிக்குக் கிடைத்தது என்றும் நினைத்திருந்தேன்.

தபால் வந்த அன்று சாயங்காலம் எல்லோரும் மிர்ச்சி பஜ்ஜி தின்னப் போனோம். கடையில் நல்ல கூட்டம். அப்பா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, அந்தக் கையை மேஜைமேல் வைத்தார். வீட்டிலிருந்து அம்மா கொண்டு வந்திருந்த சட்னி டப்பா அவர் முன்னால் இருந்தது. அவர் அதை என் பக்கம் தள்ளவில்லை. வாத்தியார் வந்தாரா என்றும் கேட்கவில்லை.

“டேய், இதைத் திறந்து குடுடா. என்னால முடியாது,” என்றார், கடை முழுக்கக் கேட்கும்படி.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரே நெம்பில் திறந்துவிட்டு அத்தையைப் பார்த்தேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

மிளகாய்க் காரம் என்று நினைத்து, ஓடிப்போய் அவளுக்குத் தண்ணீர் கொண்டு வந்தேன்.