முழங்கை அளவு

விழுப்புரத்தில் அந்த வீட்டுக்குச் சமையலறை செய்து கொடுத்ததை இன்று நினைத்தாலும் எனக்குக் குமட்டுகிறது. வேலையில் குறையே இல்லை. முழுக்கத் தேக்கு. ஆணி அடிக்காமல் மரத்தோடு மரம் கோத்துச் செய்தது. அதனால்தான் இன்னும் கூடுதலாகக் குமட்டுகிறது.

எனக்குத் திண்டிவனத்தில் மரப்பட்டறை. தொழில் பழகியது குயிலாப்பாளையத்தில். படம் போடுவதற்கு முன் அந்த அடுப்படியில் நிற்கப்போகிறவரை நிறுத்தி, கையை மடக்கச் சொல்லி, தரையிலிருந்து முழங்கைவரை அளப்பது என் வழக்கம். அடுப்பு மேடை அதற்குச் சற்றுக் கீழே வரவேண்டும். உயர்ந்தால் தோள் போகும், தாழ்ந்தால் இடுப்பு போகும்.

சமைப்பது யார் என்று கேட்டேன். வீட்டுக்காரம்மா மோவாயால் பின்வாசலைக் காட்டினார். அங்கே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அக்கா எழுந்து வந்தார். முகையூர்ப் பக்கத்துக்காரர், குள்ளமான உருவம். பழைய மேடை அவருக்கு உயரம் என்பதால் வலது தோளைத் தூக்கவே முடியவில்லை அவரால்.

"இந்த வாட்டி கொஞ்சம் எறக்கி வெச்சுக் குடு தம்பி. இல்லாட்டி இந்தக் கைய வெச்சுக்கினு ரொம்ப நாள் ஓட்ட முடியாது. எனக்கு வேற போக்கு இல்ல" என்றார்.

அக்காவைக் கை மடக்கச் சொல்லி டேப்பை வைத்தேன். வீட்டுக்காரம்மாவின் முகம் சுருங்கிவிட்டது.

"இன்னா தம்பி, என் கிச்சனுக்கு அவ கையையா அளந்துக்கினு இருக்க?"

"சமைக்கிறவங்க அளவுதாம்மா எடுப்போம்."

"வூடு யாருது? என்னை அள."

அளந்தேன். நல்ல வளர்த்தி. அவர் முழங்கை அக்காவின் மார்புக்கு வந்தது. காய் நறுக்கும் இடத்தையாவது தாழ்த்தலாம் என்று படம் போட்டுக் காட்டினேன். அவர் வெளிநாட்டுச் சமையலறைப் படங்கள் இருந்த போனை என் மூக்குக்கு நேராக நீட்டினார்.

"இதுல எங்கனா மேடும் பள்ளமும் இருக்குதா? வர்றவங்க பாத்தா சிரிப்பாங்க. அவ ஒரு பலகை போட்டு நின்னுக்கட்டும்."

வெந்நீர் வைக்கக்கூட அடுப்புப் பற்றவைக்காதவர் அவர். பௌர்ணமி தவறாமல் திருவக்கரைக் கோயிலுக்குப் போய் அன்னதானம் கொடுக்கிறவரும் அவரேதான். படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில். எனக்கு வந்த அருவருப்பை விழுங்கிக்கொண்டு அவர் சொன்ன அளவில் செய்து முடித்தேன். பால் காய்ச்சிய அன்று வந்தவர்கள் தேக்கைத் தடவித் தடவிப் புகழ்ந்தார்கள். அக்கா பலகைமேல் ஏறி நின்று எல்லாருக்கும் காப்பி போட்டார். போட்டோவில் பலகை அசிங்கமாகத் தெரிகிறது என்று வீட்டுக்காரம்மா அதைக் காலால் மேடைக்கு அடியில் தள்ளிவிட்டார்.

சில மாதங்கள் கழித்து, கதவுகளுக்கு எண்ணெய் பூசப் போனேன். மேடையருகே வேறொரு பெண் நின்றிருந்தாள். அக்கா எங்கே என்று கேட்டேன்.

"அவள நிறுத்திட்டேன் தம்பி. தோளு நோவுது, பலகை ஆடுதுன்னு தெனம் ஒரே பேஜாரு. அப்புறம் வேலை கேட்டு வந்தவளுங்கள எல்லாம் இந்த மேடைகிட்ட நிக்க வெச்சு, கைய மடக்கச் சொல்லிப் பாத்துதான் இவள எடுத்தேன். கரெக்டா இருக்கா பாரு!"

நான் பாராட்டுவேன் என்று எதிர்பார்த்துச் சிரித்துக்கொண்டே நின்றார். மனிதர்தானா இது என்று இருந்தது எனக்கு. போன் அடிக்கவே அவர் கூடத்துக்குப் போனார்.

"அந்தக்கா இப்ப என்ன பண்றாங்க?" என்று புதிதாக வந்தவளிடம் கேட்டேன்.

அவள் கூடத்துப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். "மல்லாட்டை ஆயப் போறாங்கண்ணே. அந்தக் கையோடவே."

நாள் முழுக்க வேர்க்கடலைச் செடியிலிருந்து காய் பறிக்கிற கூலி வேலை அது. எண்ணெய் டப்பாவை மூடினேன். பாதிக் கதவு பூசாமல் கிடந்தது, கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன். தெருவுக்கு வந்ததும் காறித் துப்பினேன்.