விலாசினி போடாத கையெழுத்து

பாங்காக்கின் அந்த வணிக வளாகத்துக் காவலர் அறையில் விலாசினியை உட்கார வைத்தபோது மணி இரண்டரை. நான்கு மணிக்கு விமான நிலையத்துக்குப் பேருந்து. மேசைமேல் ஒரு சிவப்புக் கைப்பை கிடந்தது. அதற்குள் யாரோ ஒரு ஜப்பான்காரியின் பாஸ்போர்ட். அந்தப் பை விலாசினியின் கையில் இருந்தபோதுதான் காவலர் பிடித்தார்.

கேரளத்தில் ஒற்றப்பாலத்துக்குப் பக்கத்துப் பஞ்சாயத்தின் பணியாளாக வீடு வீடாகப் போய்ப் பிளாஸ்டிக் குப்பை சேகரிக்கிறவள் அவள். வயது ஐம்பத்திரண்டு. முதல் வருடம் நாயை அவிழ்த்துவிட்ட வீடுகள் உண்டு. எங்கள் வீட்டுக் குப்பையைக் கேட்க நீ யார் என்று சீறிய ஓய்வுபெற்ற தாசில்தாரும் உண்டு. அவர் வாசலிலேயே நின்று சட்டத்தைச் சொல்லி, ஒரே மாதத்தில் அவரையே பால் கவரைக் கழுவிக் காயவைத்துத் தரச் செய்தாள். அவளும் அவளைப் போன்ற பதின்மூன்று பெண்களும் மூன்று வருடம் சேர்த்து வைத்து இந்தப் பயணம் வந்திருந்தார்கள்.

காலையில் படுத்திருக்கும் பொன் புத்தரைப் பார்த்தார்கள். பலரும் கும்பிட்டபோது விலாசினி, "இவ்வளவு பெரிய உடம்புக்கு யாருடீ தூசி தட்டுறது?" என்று தோழி ரம்லத்திடம் கேட்டாள்.

"ஆள் தேடிட்டுத்தான் இருப்பாங்க. நீ இங்கேயே இருந்துடு சேச்சி" என்றாள் ரம்லத்.

சிரித்தபடியே படகில் ஆற்றைக் கடந்தார்கள். சாப்பாடு முடிந்து வளாகத்துக்குள் நுழைந்தபோது, குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு காகிதப் பொட்டலம் கிடந்தது. வேறு சுற்றுலாக்காரர் திரும்பிக்கூடப் பார்த்திருக்கமாட்டார். விலாசினியின் கை தானாகப் போயிற்று. காகிதம் தனி, பிளாஸ்டிக் தனி, எச்சில் தனி. பிரித்தாள். உள்ளே கைப்பை.

இப்போது சுற்றுலா மேலாளன் தினூப் ஒரு தாளோடு வந்தான். "பேசி முடிச்சுட்டேன் சேச்சி. ஒரு கையெழுத்துப் போடுங்க, அஞ்சு நிமிஷத்துல வெளியே போயிடலாம்."

"என்ன எழுதியிருக்கு?"

"சும்மா ஒரு சம்பிரதாயம்."

துணைக்கு உள்ளே வந்து நின்றிருந்த ரம்லத் தாளைப் பிடுங்கினாள். பத்தாம் வகுப்பு ஆங்கிலத்தை வைத்துத் தடவித் தடவிப் படித்தாள். அவள் முகம் கறுத்தது. "மனநோயாளின்னு எழுதியிருக்கான் சேச்சி. குப்பை பொறுக்குறது நோயாம்."

"உங்களைக் காப்பாத்தத்தான் எழுதினேன்" என்று தினூப் கத்தினான். "கையெழுத்து இல்லேன்னா போலீஸுக்குப் போயிடும். மத்தவங்களை ஏத்திட்டு நான் கிளம்பிடுவேன்."

"பைத்தியக்காரிக்கு எந்த வீட்டுல கேட்டைத் திறப்பாங்க மோனே?"

"ஊர்ல யாருக்குத் தெரியப் போகுது?"

"வெளியே பன்னெண்டு பேர் நிக்கறாங்க. நாம விமானம் ஏறுறதுக்கு முன்னாடியே சேதி ஒற்றப்பாலம் பஸ் ஸ்டாண்டுல இறங்கியிருக்கும்."

அவன் கெட்டவன் அல்ல. குப்பையைத் தொடுகிறவள் ஒன்று திருடியாக இருக்க வேண்டும், அல்லது பைத்தியமாக இருக்க வேண்டும் என்று படித்தவர்கள் நம்புவார்களே, அவர்களில் ஒருவன். குப்பை போடுகிறவன் மட்டும் எல்லா ஊரிலும் கனவான்.

விலாசினி எதிரே உட்கார்ந்திருந்த காவல் அதிகாரிக்குக் கூரையில் இருந்த கேமராவைக் காட்டினாள். பிறகு தன் இரு கண்களைத் தொட்டுக் காட்டினாள். "பார்த்துட்டுச் சொல்லு" என்றாள் மலையாளத்தில். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். அவள் அசையவில்லை. சலித்துக்கொண்டு கணினியைத் திருப்பினார்.

படம் பின்னோக்கி ஓடியது. அறைக் கடிகாரத்தில் மணி மூன்று பத்து.  பொட்டலத்தைப் பிரிக்கும் முன் சுற்றுமுற்றும் பார்த்தது விலாசினிக்கு அப்போதுதான் நினைவு வந்தது. கை கழுவத் தண்ணீர்க் குழாயைத் தேடித்தான் பார்த்தாள். ஆனால் படத்தில் அது எப்படித் தெரியும்? திரையில் ஒரு பெண் திருடியைப் போலவே இரண்டு பக்கமும் திரும்பினாள். தினூப் உச்சுக்கொட்டினான்.

"இன்னும் முன்னாடி போகச் சொல்லு" என்றாள் விலாசினி.

பதினோரு நிமிடம் முன்னால், தொப்பி போட்ட ஒருவன் சிவப்புப் பையிலிருந்து எதையோ உருவிக்கொண்டு, பையைக் காகிதத்தில் சுருட்டித் தொட்டியோரம் போட்டுவிட்டு நடந்தான்.

அதிகாரி திரையை அணைத்தார். மன்னிப்பு எதுவும் இல்லை. போகலாம் என்று கையை மட்டும் ஆட்டினார்.

"வாங்க சேச்சி, ஓடுங்க! மூணே முக்கால் ஆச்சு!" என்றான் தினூப்.

"அந்தத் தாள் எங்கே?"

"அதை அவங்க கோப்புல வெச்சுக்குவாங்க. என் கையெழுத்து மட்டும்தான் இருக்கு, உங்களோடது இல்லையே!"

"எழுதினது என்னைப் பத்திதானே? எழுதினவன் நீதானே? நீயே அந்த வரிகளை அடி. என்ன நடந்ததோ அதை எழுது."

"விமானம் போயிடும்!"

"அப்ப சீக்கிரம் எழுது."

தினூப் வியர்த்த கையால் வரிகளை அடித்தான். அடியில் புதிதாக மூன்று வரி எழுதினான். ரம்லத் தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். அவள் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்துத் தலையாட்டும் வரை விலாசினி நாற்காலியை விட்டு எழவில்லை.