பம்பை கன்னியப்பன் வைத்த கைநாட்டு

சென்னீர்குப்பம் பஸ் நிறுத்தத்துக்கு எதிர்ச் சுவரில் கன்னியப்பன் அண்ணனின் படத்தைப் பார்த்ததும் நான் சந்தோஷப்பட்டேன். அதை முதலில் சொல்லிவிட வேண்டும். பெரிய போஸ்டர். நெற்றி நிறைய மஞ்சளும் குங்குமமும், இடுப்பில் பம்பையுமாக நின்றிருந்தார். ஆடி பிறக்கப் பத்து நாள் இருந்தது. ஏதோ ஒரு கோயில்காரர்களுக்கு ஒருவழியாகப் புத்தி வந்து, திருவிழா போஸ்டரில் பம்பைக்காரர் படத்தைப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கு எழுத்து தெரிந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. எந்தச் சுவரையும் படிக்காமல் தாண்டுவதில்லை. லாரிகளுக்கு நடுவே சாலையைக் கடந்து போய், கிட்டே நின்று, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் பெயரைப் படித்தேன். ஆசை தீராமல் இன்னொரு முறை படித்தேன். அதற்குப் பிறகுதான் மேலே இருந்த வரிக்கு வந்தேன். கண்ணீர் அஞ்சலி. ஒட்டிய பசை இன்னும் காயவில்லை.

அவர் பெயர் அவ்வளவு பெரிய எழுத்தில் அச்சானது அதுதான் முதல் தடவை. எனக்கு யாரும் போன் செய்யவில்லை. ஒரு வருடமாக நாங்கள் இருவரும் பேசிக்கொள்வதில்லை என்று பூந்தமல்லியிலிருந்து ஆவடி வரை எங்களைத் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். ஏன் என்பதுதான் தெரியாது. சாவு வீட்டிலேயே ஆளுக்கொரு கதை சொல்லிக்கொண்டிருந்தீர்கள். பணத் தகராறு என்றார் ஒருவர். அது பொய். நடந்ததை நானே எழுதுகிறேன். மெதுவாகத்தான் எழுத வரும். ஆனால் எழுதுவேன்.

எங்கள் குழுவில் மூன்று பேர். பம்பை அவர், உடுக்கை அவருடைய சித்தப்பா மகன், கைச்சிலம்பு நான். பகலில் அவர் அம்பத்தூரில் லேத் பட்டறையில் இருந்தார், நான் பாடியில் ஒரு தொழிற்சாலையில் மூட்டை தூக்கினேன். ஆடியும் தையும் வந்தால் இரண்டு பேரும் லீவு சொல்லிவிட்டு அம்மன் கோயில்களுக்குப் போய்விடுவோம். அவர் வர்ணிப்புப் பாடி அம்மனை அழைப்பார். பம்பை பேசாமல் சிலம்பு வாய் திறக்கக் கூடாது என்பது எங்களுக்குள் சட்டம். கோயிலில் தாம்பூலத் தட்டை நீட்டினால் முதல் வெற்றிலை பம்பைக்கு, அடுத்தது உடுக்கைக்கு, கடைசியில் சிலம்புக்கு. முப்பத்தாறு வருடம் நான் கடைசி வெற்றிலை எடுத்தேன். அதில் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை.

அவர் எப்படிப்பட்டவர் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். திருவேற்காடு போகும் வழியில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் வாசலிலேயே சின்னதாக அம்மன் கோயில் கட்டியிருந்தார்கள். கூழ் ஊற்றும் நாளுக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். நாங்கள் போய் நின்றதும் சங்கத்துச் செயலாளர் வந்தார்.

"பாதிப் பேர் வீட்ல இருந்தே ஆபீஸ் வேலை பார்க்கிறாங்க. கொஞ்சம் மெதுவா அடிங்க. அரை மணி நேரத்துல முடிச்சிடுங்க, சரியா?"

அண்ணன் பம்பையின் கயிற்றை இறுக்கிக்கொண்டே சொன்னார்: "சார், நாங்க அம்மாவக் கூப்புடுறோம். லிப்ட்டக் கூப்புடல, பட்டன அமுக்குனதும் வர்றதுக்கு."

இருபதாவது நிமிடம் அந்தச் செயலாளரின் மனைவிக்கே சாமி வந்துவிட்டது. முடி அவிழ்ந்து ஆடுகிறார் அந்த அம்மா. செயலாளர் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார். அண்ணன் அடியைக் குறைத்து, அவர் பக்கம் குனிந்து, "சார், அரை மணி ஆவப்போவுது. நிறுத்திடவா?" என்றார்.

"ஐயையோ, நிறுத்தாதீங்க! அடிங்க, அடிங்க!"

திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோ முழுக்கச் சிரிப்புதான். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. "அந்தம்மா மூஞ்சியப் பாத்தியா? எத்தினி நாளா அழுவணும்னு கீதோ" என்றார். அவர் கண்ணில் அதுதான் பட்டிருந்தது.

நான் எழுதப் படிக்கப் போனதற்கு அவர் என்னைக் கேலி செய்யாத நாளில்லை. எங்கள் பகுதிச் சமுதாயக் கூடத்தில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ரேவதி டீச்சர் வகுப்பு எடுத்தார். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்கிற பெண், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இங்கே குடிவந்தவர். நான் சிலேட்டும் கையுமாகப் போவதைப் பார்த்து அண்ணன் தெருவில் நின்று கத்துவார்: "இன்னா நைனா, எமன் வந்து கையெழுத்து கேக்கப் போறானா? நான் கைநாட்டு வெச்சே மேல போயிடுவேன். நீ இங்கிலீஸ்ல சைன் போட்டுகினு வா!"

ஆனால் எனக்கு எழுத்துக் கூட்ட வந்ததும் முதலில் தேடி வந்தவர் அவர்தான். பழைய திருவிழா நோட்டீஸ்கள் ஒரு கட்டு எடுத்து வந்தார். "இதுல நம்ம பேரு எங்க கீது, படி" என்றார்.

படித்தேன். தலைமை தாங்குபவர், முன்னிலை வகிப்பவர், மாலை உபயம், கூழ் உபயம், சீரியல் லைட், மைக் செட். எல்லோருக்கும் பெயர் இருந்தது. கடைசியில் 'பம்பை உடுக்கை முழங்க' என்று மூன்று சொல். அவ்வளவுதான். எல்லா நோட்டீஸிலும் அப்படியே.

"மைக் செட்டுக்காரன் பேரு கீது," என்றார். "சீரியல் லைட்டுக்காரன் பேரு கீது. அப்போ பம்பை தானாவா மொழங்குச்சு?" அந்தக் கட்டை மறுபடி சுருட்டிக்கொண்டு போனார். அத்தனை வருடமும் அதில் எங்கோ தன் பெயர் இருக்கிறது என்றே நினைத்திருந்தார். படித்துச் சொன்ன வாய் என்னுடையது.

அதற்குக் கொஞ்ச நாள் கழித்து ரேவதி டீச்சர் ஒரு செய்தி கொண்டுவந்தார். நகரத்தில் ஒரு அறக்கட்டளை, நாட்டுப்புறக் கலைக்குத் தொண்டு செய்தவர்களுக்கு வருடம் ஒரு விருது கொடுக்கிறதாம். தனக்குத் தானே கேட்க முடியாது. வேறொருவர் பரிந்துரை செய்ய வேண்டும். "கன்னியப்பன் ஐயாவுக்கு நான் எழுதித் தரட்டுமா?" என்று கேட்டார். "வேண்டாம் டீச்சர், நான் எழுதுறேன்" என்றேன்.

நான்கு நாள் எழுதினேன். வாழ்க்கையில் அவ்வளவு சுகமாக நான் ஒரு வேலையும் செய்ததில்லை. அவர் எந்தெந்தக் கோயிலில் அடித்தார், எப்படி அழைப்பார் என்று இரண்டு பக்கம். நாங்கள் எப்போதும் பேசுகிற மாதிரி 'எங்கள் குழு', 'நாங்கள்' என்றே எழுதினேன். படம் கேட்டிருந்தார்கள். மூவரும் சேர்ந்து நிற்கிற படத்தை ஒட்டினேன். பிறகு அச்சடித்த கோடுகளை நிரப்பினேன். வகுப்பில் வங்கிப் பாரம், பென்ஷன் பாரம் என்று ஐம்பது தடவை பழகியிருக்கிறேன். முதல் கோட்டில் பேனா பிடித்தவன் பெயர், இரண்டாவதில் அவன் விலாசம். கை தானாகப் போய் என் பெயரை எழுதியது. மேலே தலைப்பில் இருந்ததை நான் படிக்கவே இல்லை. கோடுகளைத்தான் பார்த்தேன். கீழே மீதியிருந்த கோடுகளில் அண்ணன் பெயரை எழுதினேன். பெரியவர்கள் கடைசியில்தானே கையெழுத்துப் போடுவார்கள் என்று நினைத்தேன்.

அவரிடம் எடுத்துப் போனேன். மசிப் பெட்டியை நீட்டினேன். "எங்க வெக்கணும்?" என்றார். கீழே காட்டினேன். கட்டை விரலை ஊன்றி வைத்தார். "பேரு சரியா எழுதினியா? ரெண்டு சுழி போட்டியா?" என்று கேட்டுச் சிரித்தார்.

"ஒருமுறை பார்க்கட்டுமா ஐயா?" என்றார் டீச்சர். கவரை ஒட்டிவிட்டேன் என்று பொய் சொன்னேன். திருத்திவிடுவாரோ என்று பயம். என் எழுத்து என் எழுத்தாகவே போக வேண்டும் என்கிற திமிர்.

இரண்டு மாதம் கழித்து, வைகாசியில், கடிதம் என் வீட்டுக்கு வந்தது. கைச்சிலம்புக் கலைஞராகிய எனக்கு விருது. என்னைப் பரிந்துரை செய்தவர் கன்னியப்பன். அவருடைய கைநாட்டு இருக்கிற தாளின் நகலையும் இணைத்திருந்தார்கள்.

மேல் கோடு விருது வாங்குகிறவருக்கு, கீழ்க் கோடு பரிந்துரைக்கிறவருக்கு என்று டீச்சர்தான் விளக்கிச் சொன்னார். நான் அண்ணன் வீட்டுக்குப் போனபோது விருது வந்திருக்கிறது என்ற சேதி முன்னமே போயிருந்தது, பாதியாக. விருது தனக்குத்தான் என்று நினைத்து, விழாவுக்கான வேட்டியைத் துவைத்து நீலம் போட்டுக் காயவைத்திருந்தார். சரோஜா அண்ணி காபி கொண்டுவந்தார். குடிக்காமல் சொன்னேன். அண்ணன் கொஞ்ச நேரம் தன் கட்டை விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுத்து தெரியாதப்போ எம்பக்கத்துல நின்னுகினு இருந்த," என்றார். "எழுத்து தெரிஞ்சதும் எனக்கு முன்னால போய் நின்னுகினியே நைனா."

"அண்ணாத்தே, மெய்யாலுமே தெரியாம..."

"தெரியாமதான். அத்தினி வருசம் தெரிஞ்சி நின்ன. இப்போ தெரியாம மாறிட்ட. போ."

அறக்கட்டளைக்குப் போன் செய்தேன். எடுத்தவர் பொறுமையாகத்தான் பேசினார். "குழு முடிவு பண்ணியாச்சு ஐயா, பேரை மாத்த முடியாது. வேண்டாம்னா எழுதிக் கொடுத்திடுங்க, வேற ஊர்க்காரருக்குப் போயிடும். அவருக்கு அடுத்த வருஷம் போடுங்க."

இங்கேதான் உங்கள் யாருக்கும் தெரியாத ஒன்றை நான் சொல்ல வேண்டும். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருக்கலாம். எழுதத் தெரியும். எழுதவில்லை. மேடையில் அண்ணனைப் பற்றிப் பேசிவிட்டு விருதை அவர் கையில் கொடுத்துவிடலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதற்குள் அழைப்பிதழ் வந்தது. வழவழப்பான தாள். யார் உதவியும் இல்லாமல் அதில் என் பெயரை நானே படித்தேன். இனித்தது. போகத்தான் போகிறேன் என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

மேடையில் பேச நேரமில்லை என்றார்கள். சால்வை போட்டார்கள், கேடயம் கொடுத்தார்கள், கையைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டார்கள். அண்ணன் வரவில்லை. நான் நேரே அவர் வீட்டுக்குப் போய்ச் சால்வையையும் கேடயத்தையும் நீட்டினேன். அவர் அதைத் தொடவில்லை. "ஒம்பேரு போட்டது. ஒன்னோட ஊட்ல மாட்டு" என்றார். அந்த ஆடிக்கு ஆவடியிலிருந்து வேறு சிலம்புக்காரரைக் கூட்டிக்கொண்டு போனார். கோயில் வாசலில் கூட்டத்தோடு கூட்டமாக நின்று கேட்டேன். அந்தச் சிலம்பு அரை அடி பிந்தி வந்தது. அண்ணன் அதற்காகத் தன் அடியை நிறுத்திக் காத்திருந்தார். எனக்காக அவர் ஒரு நாளும் காத்திருந்ததில்லை, தேவைப்பட்டதில்லை.

இந்தப் பங்குனியில் மறுபடி எழுதினேன். இந்தத் தடவை தலைப்பைப் படித்தேன். டீச்சர் பக்கத்தில் இருந்தார். முதல் கோட்டில் கன்னியப்பன். 'நாங்கள்' என்ற சொல்லே வராமல் எழுதினேன். அவரிடம் சொல்லவில்லை. பதில் வருவதற்குள் சுவரில் போஸ்டர் வந்துவிட்டது. நெஞ்சு வலியாம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டாராம்.

மாலை போட்டுவிட்டு அண்ணி பக்கத்தில் உட்கார்ந்தேன். நான் கேட்கும் முன்பே அவர் சொன்னார்: "கேக்காத தம்பி. கோவம் தீரல. ஒம்பேச்ச எடுத்தா எந்திரிச்சிப் பூடுவாரு."

மூன்று வாரம் கழித்து அண்ணியே என் வீட்டுக்கு வந்தார். அறக்கட்டளையிலிருந்து விவரம் சரிபார்க்க அண்ணனின் போனுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். இறந்துவிட்டார் என்று அண்ணி சொல்லியிருக்கிறார். உயிரோடு இருப்பவர்களுக்கு மட்டும்தான் என்று அவர்கள் வருத்தம் சொல்லியிருக்கிறார்கள். பாரம் எனக்குத் தபாலில் திரும்பி வந்திருந்தது.

"அவருகிட்ட சொல்லிட்டா எழுதின?"

"இல்ல அண்ணி."

"சொல்லியிருந்தா வோணாம்னு சொல்லியிருப்பாரு."

"தெரியும். அதான் சொல்லல."

"அப்போ இதுவும் ஒன் இஷ்டந்தான்" என்றார். பாரத்தை வாங்கினார். "அவரு பேரு எது?" முதல் கோட்டைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

ஆகவே அவர் பெயர் சரியான இடத்தில் இருக்கிற ஒரே பாரமும் என்னிடம் இல்லை. என்னிடம் இருப்பது அவருடைய கோபம். அதை அவர் யாருக்கும் பங்கு வைக்காமல் முழுதாக எனக்கே கொடுத்துவிட்டுப் போனார். அவரைத் தெரிந்த நீங்கள் என் வீட்டுக்கு வந்தால் காபி தருகிறேன். ஆனால், "அவரு மனசுக்குள்ள உன்ன எப்பவோ மன்னிச்சிருப்பாரு" என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். அவர் மன்னிக்கவில்லை.