வாசல் தோட்டமும் விலை போகாத வீடும்

வீட்டுத் தரகில் ஒரு கஷ்டம் உண்டு: வாங்க வருகிறவர் வாசல் தோட்டத்திலேயே பாதி முடிவை எடுத்துவிடுவார். வீடு விற்க அலைந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ராஜமாணிக்கம் நன்னிலம் பக்கத்து விவசாயி. மகனுக்காகக் கும்பகோணத்தில் வீடு கட்டினார். மகன் சிங்கப்பூரிலேயே தங்கிவிட்டான். இந்த நேரத்தில் அவர் வயலை ஒட்டிய வயல் விலைக்கு வந்தது. ஆயுளில் ஒருமுறை வருகிற வாய்ப்பு. வயல்காரர் சம்பா அறுவடை வரை பொறுப்பதாகச் சொல்லியிருந்தார். அதற்குள் வீடு விற்றாக வேண்டும்.

முருங்கை

முதலில் வந்தவர் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. கேட்டைத் திறந்தால் எதிரே முருங்கை, காய்த்துத் தொங்கியது. வாசலில் முருங்கை ஆகாது என்று அப்படியே காருக்குத் திரும்பிவிட்டார். தரகனான நான் "அவசரப்படாதீங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் ராஜமாணிக்கம் மரத்தைச் சாய்த்துவிட்டார்.

அடுத்த வாரம் கூத்தாநல்லூரிலிருந்து ஒரு துபாய்க்காரர் மனைவியோடு வந்தார். நான் அனுப்பியிருந்த போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு அந்த அம்மா வாசல் முழுக்கத் தேடினார்.

"மரத்தைப் பார்த்துத்தாங்க இவ்வளவு தூரம் வந்தோம். அதை வெட்டிட்டு வீட்டை மட்டும் எதுக்குக் காட்டுறீங்க?"

புல்தரை

புல்தரை போட்டால் வீட்டு மதிப்பு ஏறும் என்று மகன் போனில் சொன்னான். பாய் மாதிரிச் சுருட்டிய புல் வேனில் வந்து இறங்கியது. பச்சைப்பசேல் என்று நன்றாகத்தான் இருந்தது.

வலங்கைமானிலிருந்து ஒரு நெல் விவசாயி பார்க்க வந்தார். விலை பேசிக்கொண்டே குனிந்து ஒரு பிடி புல்லைப் பிடுங்கி ஓரமாகப் போட்டார். கைப்பழக்கம். ராஜமாணிக்கம் தடுப்பார் என்று பார்த்தேன். அவரும் பேச்சு சுவாரசியத்தில் குனிந்து பிடுங்க ஆரம்பித்தார். உர விலை, ஆற்றில் தண்ணீர் வரத்து எல்லாம் பேசி முடித்தபோது பாதிப் புல்தரை காலி. வீட்டுக்குள் இருவரும் போகவே இல்லை.

"களை பறிக்க ஆள் கிடைக்காம நான் அல்லாடுறேன். நீங்க களைக்குத் தண்ணி பாய்ச்சுறீங்களேண்ணே!"

பேவர் பிளாக்

மீதிப் புல்லையும் கொத்தி எறிந்துவிட்டு, தெருவில் எல்லோரையும் போல பேவர் பிளாக் பதிக்க முடிவானது. கல் ஏற்றிய வண்டி வந்த அன்றைக்கு ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. வண்டி தெருமுனையிலேயே நின்றது. ராஜமாணிக்கம் வானத்தையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். வயல் கைவிட்டுப் போனது போலவே இருந்தது அவர் முகம்.

அந்த மழையில் ஒரு பள்ளிக்கூட டீச்சர் ஸ்கூட்டரில் வந்தார். தெருவில் கணுக்கால் அளவுத் தண்ணீர். கல் பதித்த வீடுகளில் அது வாசற்படி ஏறிக்கொண்டிருந்தது. கொத்திப் போட்ட இந்த வாசல் மட்டும் பெய்த மழையைக் குடித்துக்கொண்டே இருந்தது. டீச்சர் குடையோடு அங்கேயே நின்று பார்த்தார்.

"முதல்ல அந்தக் கல்லு வண்டியைத் திருப்பி அனுப்புங்க சார். மத்ததை உள்ளே போய்ப் பேசுவோம்."

வயல்

அறுவடைக்கு முன்பே வீடு டீச்சர் பேரிலும் வயல் ராஜமாணிக்கம் பேரிலும் பதிவாகிவிட்டன. அறுப்பு முடிந்ததும் என்னைக் கூட்டிப்போய்க் காட்டினார். நடு வரப்பை வெட்டி இரண்டு வயலையும் ஒன்றாக்கியிருந்தார். ஓரமாக நாலு தென்னை வைத்தால் நிலத்துக்கு மதிப்பு கூடுமே என்றேன். அவர் முகம் மாறிவிட்டது.

"ஏன் தம்பி, இதையும் விக்கப் பாக்குறீங்களா?"

வாசலில் என்ன வைத்தால் வீட்டு விலை ஏறும் என்று கேட்பவர்களிடம், வாங்குகிறவர் யாரென்று தெரியும்வரை எதையும் நடவும் வேண்டாம், வெட்டவும் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். கேட்டு நடந்தவர் இதுவரை ஒருவருமில்லை.