மலரின் சேரைப் பூண்டிக்குக் கொண்டுபோன நாள்

மலர் போய் நாற்பத்தாறாவது நாள், ஒரு புதன்கிழமை கிளம்பினேன். மலர் என் மகள். ஒன்பது வயது. பிறவியிலேயே மூளைவாதம். நெஞ்சுச் சளி கட்டி, பத்தே நாளில் முடிந்துவிட்டது. அவள் உட்காரும் மரச் சேர் மட்டும் வீட்டில் நின்றது. அதைச் சுவர்ப்பக்கம் தள்ளுவேன், திரும்ப நடுவே இழுத்துப் போடுவேன். ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. அவளை இரண்டு வருடம் கூட்டிப்போன திருமுருகன்பூண்டிப் பயிற்சி மையத்துக்கே கொடுத்துவிடலாம் என்று தூக்கிக்கொண்டேன். பிள்ளைகளைக் கூட்டிப்போகிறவர்களுக்கு வழி தெரியட்டும் என்று எழுதுகிறேன்.

எங்கள் ஊர் வீரபாண்டியில் காலை 9.10-க்கு டவுன் பஸ். பழைய பஸ் ஸ்டாண்ட் ஆறு கிலோமீட்டர், இருபத்தைந்து நிமிடம். பெண்களுக்குக் கட்டணமில்லை. எங்களை வழக்கமாகப் பார்க்கும் கண்டக்டர் சேரைச் சுற்றிப் பார்த்தார்.

“ஏனுங்கக்கா, உங்களுக்குத்தான் ஃப்ரீ. சேரு ஆம்பளைங்களா, பொம்பளைங்களா?”

“பொம்பளைங்க.”

“அப்ப அதுக்கும் ஃப்ரீதானுங்க. பாப்பா எங்கீங்க?”

“வரலீங்க” என்றேன்.

அங்கிருந்து அவிநாசி பஸ். எட்டு கிலோமீட்டர், பன்னிரண்டு ரூபாய். பூண்டியில் இறங்கும்போது மணி 10.20. இறங்கியதுமே சிலை செதுக்கும் பட்டறைகளின் உளிச்சத்தம். மலர் ஒவ்வொரு உளியடிக்கும் உடம்பு தூக்கிப்போட்டு, கால் இரண்டும் கத்தரிக்கோல் மாதிரி பின்னிக்கொள்வாள். வேண்டுமென்றே உதைக்கிறாள் என்று முதலில் திட்டியிருக்கிறேன். திடீர்ச் சத்தத்துக்கு உடம்பு தானாக விறைக்கும் என்று பிறகுதான் தெரிந்தது. அன்று அவள் இல்லாமலே ஒவ்வொரு அடிக்கும் என் கை சேரை இறுக்கிப் பிடித்தது. மையம் ஒன்றரை கிலோமீட்டர். ஆட்டோ ஐம்பது ரூபாய்.

உள்ளே மூன்று பிள்ளைகள். ஒன்று துவண்டு, கழுத்தே நிற்காமல் கிடந்தது. இன்னொன்றின் கைகள் சும்மா இருக்க மாட்டாமல் முறுக்கி நெளிந்தன. தூங்கினால் நின்றுவிடும் என்றாள் அதன் அம்மா. மூன்றாவது பையனுக்கு மூன்று வயது. மலரைப் போலவே விறைப்பு. பயிற்சி முடிந்து அவன் அம்மா அவனுக்குப் பனியன் மாட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். மடங்கிய முழங்கையை வெடுக்கென்று இழுத்தாள். கை இன்னும் மடங்கியது.

“புடிவாதத்தப் பாருங்க. கம்பெனி வேன் வந்துரும், நீட்டு கண்ணு!”

என்னால் உட்கார முடியவில்லை. நானும் பனியன் கம்பெனியில் செக்கிங்தான். கழுத்துப் பட்டியை வெடுக்கென்று இழுத்து, பழையபடி சுருங்குகிறதா என்று பார்ப்போம். ஒரு நாளைக்கு எத்தனை நூறு தடவை. அதே கையோடு வந்து மலரின் கையையும் ஏழு வயது வரை அப்படித்தான் இழுத்தேன். “வேகமா இழுத்தா சதையும் எதுத்து இழுக்குமுங்க. அது அடம் இல்லீங்க” என்று இந்த மையத்து மேடம் சொன்ன அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை.

“நான் போடட்டுங்களா?” என்றேன். அந்தப் பெண் சந்தேகமாகப் பார்த்தாள்.

பையனை மடியில் வைத்து, இடுப்பையும் முட்டியையும் மடக்கினேன். பனியன் கைக்குள் என் கையை விட்டு, விறைத்த கையைத்தான் முதலில் பிடித்தேன். இழுக்கவில்லை. பிடித்தபடி மெல்லப் பத்து எண்ணினேன். ஏழில் முழங்கை இளகியது. கை தானாக வழுக்கி உள்ளே வந்தது.

“ஐயோ, எங்கீங்க கத்துக்கிட்டீங்க? உங்களுக்கும் இப்படிப் புள்ள இருக்குதுங்களா?”

“இருந்தாளுங்க.”

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். வேன் ஹாரன் அடித்தது. அவள் எழுந்திருக்கவில்லை.

சேரில் பையனை உட்கார வைத்தோம். கால் தொங்கியது. மேடம் கால்பலகையை இரண்டு துளை மேலே ஏற்றினார். பாதம் பதிந்தது. நான் 12.15-க்கு வெறுங்கையோடு கிளம்பினேன்.

போகிறவர்கள் புதன்கிழமை போங்கள், கூட்டம் குறைவு. பட்டறைகளைத் தாண்டும்வரை பிள்ளையின் காதைப் பொத்திக்கொள்ளுங்கள். பெரிய கழுத்துப் பனியனாகப் போடுங்கள். விறைத்த கையை முதலில் நுழைத்துவிடுங்கள், கழற்றும்போது அதைக் கடைசியாக எடுங்கள். எந்தப் பிள்ளைக்கு என்ன என்று மேடத்திடம் கேட்டுச் செய்யுங்கள், துவளும் பிள்ளைக்கு முறை வேறு.

பத்து எண்ணுவதற்கு அரை நிமிடம்கூட ஆகாது. காலை 8.10 கம்பெனி வேனுக்கு நேரமாகிவிட்டது என்று ஏழு வருடம் அந்த அரை நிமிடத்தை நான் மலருக்குக் கொடுக்கவில்லை. வேன் போனால் போகட்டும், நீங்கள் எண்ணுங்கள்.